அடுப்புக்கு இரண்டு பிரேக்

“சிம்ல வைங்க! சிம்ல வைங்க! சிம்ல வைங்கன்னா!”

மாஸ்டர் வைப்பதற்குள் அவருடைய அக்குளுக்குக் கீழிருந்து ஒரு கை நீண்டு வந்தது. வளையல் குலுங்க அடுப்பின் திருகைப் பிடித்தது. பொசுக்கென்று தீ அடங்கியது. சிவக்கப் போகிறேன், சிவக்கப் போகிறேன் என்று வாணலியில் சடசடத்துக்கொண்டிருந்த வெங்காயம், பாதி வழியில் மனசு மாறிப் படுத்துக்கொண்டது.

மாஸ்டருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கரண்டியை ஓங்கிக்கொண்டு திரும்பினார். அடிக்க இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பேசும்போது கையில் ஏதாவது இருந்தால் அதுவும் கூடச் சேர்ந்து பேசும், அவ்வளவுதான்.

“இப்ப வண்டி ஓட்டறது நானா, நீயா?”

“நீங்கதாங்க. வேற யாரு?”

“அப்ப என் அடுப்புல உன் கை எதுக்கு வருது?”

“கருகிடுமேன்னு...”

“கருகட்டும்! என் வெங்காயம், என் தீ, என் கருகல்! கருக வைக்கக்கூட எனக்கு இந்த வீட்ல உரிமை இல்லையா?”

“நீங்க வேணா கருகுங்க, யாரு வேணாங்கறா? வெங்காயத்தை விட்டுடுங்க, பாவம்.”

மாஸ்டர் பல்லைக் கடித்த சத்தம் வாணலியின் சத்தத்தை விடப் பெரிதாகக் கேட்டது.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர். அந்த மாதிரிப் பயிற்சிப் பள்ளிக் கார்களில் பழகுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்து சீட்டில் மாஸ்டர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். பார்த்திருப்பீர்கள். நம் மாஸ்டரின் பிரேக் தேய்ந்து பளபளவென்று மின்னும். பழகுகிறவர்களின் பிரேக் புதுசாகவே இருக்கும், ஏனென்றால் அவர்கள் மிதிப்பதற்கு முன்பே இவர் மிதித்துவிடுவார். மிதித்துக்கொண்டே கத்தவும் செய்வார். அவரிடம் போனவர்களில் ஓட்டக் கற்றவர்கள் ஒரு வகை, அழக் கற்றவர்கள் ஒரு வகை. முதல் வகைக்காரர்கள் எல்லாரும் இரண்டாவது வகை வழியாக வந்தவர்கள்தான்.

அவர் வீட்டம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. கோழி கிளறிய மண் மாதிரி டாக்டர்கள் எழுதித் தருகிற சீட்டைப் பார்த்து, இன்ன மாத்திரை என்று எடுத்துக்கொடுக்கிற பொறுமையான வேலை. தெருவில் எல்லாருக்கும் அவர் மாஸ்டரம்மா. ஒரே பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு வீட்டில் இரண்டே பேர். இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஒரு வாணலி.

இரண்டு பேருக்குச் சமைப்பது சுலபம் என்று நினைக்கிறீர்களா? பத்துப் பேருக்குச் சமைத்தால் யாராவது ஒருத்தர் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். இரண்டே பேர் என்றால், சமைத்தவர் போக மிச்சம் ஒரே ஒரு வாய்தான். அந்த வாய் மாஸ்டருடைய வாயாக இருந்தால்?

“பருப்புல ஏதோ ஒண்ணு கொறையுது” என்றார் அவர், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே.

“என்ன கொறையுது?”

“அது தெரிஞ்சா நான் ஏன் சொல்லிட்டிருக்கேன்? கொறையுது.”

மாஸ்டரம்மா தட்டைக் கீழே வைத்தார். “சரி. நாளைலேர்ந்து ராத்திரிச் சாப்பாட்டை நீங்க பாருங்க.”

“பாக்கறேன்! இது என்ன பெரிய வித்தை?”

அந்த நேரம் பார்த்துப் பெண் போனில் இருந்தாள். போன் சாப்பாட்டு மேஜையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. “அப்பாவா? சமையலா?” என்று அவள் சிரித்த சிரிப்பில் போனே நகர்ந்தது. மாஸ்டருக்கு அதுதான் தாங்கவில்லை.

“சிரிக்கிறியா? கேட்டுக்கோ! உங்கம்மா கை படாம, உங்கம்மா வாய் படாம, நானே தனியா ஒரு முழுச் சாப்பாடு சமைச்சு உங்கம்மாவுக்குப் போடறேன். சாப்பிட்டுட்டு அவளே ‘ஒரு கொறையும் இல்ல’ன்னு சொல்லணும். இந்த மாசத்துக்குள்ள அது நடக்கலேன்னா, இனிமே சாப்பாட்டைப் பத்தி இந்த வீட்ல நான் வாயே திறக்க மாட்டேன்!”

“சத்தியமாப்பா?”

“சத்தியமா!”

சாப்பாட்டைப் பற்றி வாய் திறக்காத மாஸ்டரை அந்தத் தெருவில் யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. தட்டைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு எச்சில் ஊறும். அவருக்கு அபிப்பிராயம் ஊறும். அதைப் பறித்துக்கொண்டால் அவருக்குச் சோறு எப்படி இறங்கும்? ஆகவே இது அவருக்கு வாழ்வா சாவா என்கிற விஷயம்.

ஆனால் முதல் நாளே அந்த வளையல் கை உள்ளே வந்துவிட்டது. இரண்டாம் நாளும் வந்தது. அவர் வெங்காயம் நறுக்கினால் கத்தியைப் பிடுங்கி இன்னும் பொடியாக நறுக்கியது. அரிசிக்குத் தண்ணீர் ஊற்றினால் அதில் பாதியைத் திருப்பி ஊற்றியது. அந்தக் கை பட்ட சாப்பாடு கணக்கில் சேராது. மாஸ்டர் பொறுத்துப் பார்த்தார். அதாவது, கத்திக்கொண்டே பொறுத்துப் பார்த்தார்.

மறுநாள் பயிற்சி மைதானத்திலிருந்து ஒரு கூம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். சிவப்பும் வெள்ளையுமாக, கார் பழகுகிறவர்கள் வளைந்து வளைந்து ஓட்டுவதற்காகத் தரையில் வைப்பார்களே, அது. அடுப்படி வாசலில் டொம்மென்று வைத்தார்.

“இதைத் தாண்டி உன் கை வரக்கூடாது.”

“கை வரலைங்க” என்றார் மாஸ்டரம்மா மிக மரியாதையாக. ஒரு நாற்காலியை இழுத்துக் கூம்புக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கை நின்றது. வாய் ஆரம்பித்தது.

“கத்தியை அப்படிப் பிடிக்காதீங்க. விரலை மடக்குங்க. மடக்குங்க! தக்காளியை அழுத்தறீங்களே, அது என்ன பாவம் பண்ணுச்சு? தண்ணி. தண்ணி. தண்ணீ! போதும் போதும்! மூடியைத் திறங்க.”

மாஸ்டர் திறந்தார்.

“ஏன் திறந்தீங்க?”

“நீதானே திறக்கச் சொன்னே?”

“இப்பவா சொன்னேன்? இந்தப் பக்கத்து மூடியை. ஐயோ, பொங்குது! பொங்குது!”

எந்த மூடி, எந்தப் பக்கம் என்று அவர் திரும்பித் திரும்பிப் பார்ப்பதற்குள், சோறு நுரைத்துப் பொங்கி இரண்டு அடுப்பையும் அணைத்துவிட்டு மேடையிலிருந்து தரைக்கு இறங்கியது. மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் எதுவும் இல்லை. சூடான கஞ்சித் தண்ணீர்தான் இருந்தது.

“ஆ... ஆ!”

“செருப்புப் போட்டுக்கிட்டு சமைங்கன்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள...”

மறுநாள் காலையில் மாஸ்டர் கால் விரலில் மருந்தைத் தடவிக்கொண்டுதான் வேலைக்குப் போனார். அன்றைக்கு அவரிடம் பழக வந்தவர் ஒரு பல் டாக்டர். நாளெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிற அந்த அம்மாவுக்கு, மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் சொந்த வாய் திறக்காது.

“நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா” என்று கொதித்தார் மாஸ்டர். “ஒருத்தன் புதுசா ஒரு வேலை கத்துக்கறான். பக்கத்துல உக்காந்துக்கிட்டு அதைப் பண்ணு, இதைப் பண்ணாதேன்னு கத்திக்கிட்டே இருந்தா அவன் எப்படிக் கத்துப்பான்? கை நடுங்காது? மூளை கலங்காது? கொஞ்சமாவது... கிளட்ச்! கிளட்ச்! கிளட்ச்னா கால்ல மிதிங்க, கண்ணால இல்ல! என்னத்தைப் பாக்கறீங்க? ரோட்டைப் பாருங்க!”

கார் குலுங்கி நின்றது. மாஸ்டர்தான் நிறுத்தினார்.

டாக்டரம்மா மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். “மாஸ்டர், அது வந்து... நீங்களும் கொஞ்சம்...”

“நானும் என்ன?”

“ஒண்ணுமில்ல மாஸ்டர்.”

“அது வேற, இது வேற! காரு மோதினா உயிர் போகும். பருப்பு அடி பிடிச்சா யாரு சாகறா?”

“சாப்பிடறவங்க” என்று டாக்டரம்மா வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போன பிறகு, பாவம், உதவி செய்கிற எண்ணத்தில் ஒரு யோசனையும் சொன்னார். “எங்கிட்டப் பல்லு பிடுங்க வர்றவங்க கூட சொந்தக்காரங்க வருவாங்க மாஸ்டர். பக்கத்துல நின்னு வலிக்குதா வலிக்குதான்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. வாயை மூடுங்கன்னு சொல்லிப் பாத்தேன், பிரயோஜனமில்ல. இப்பெல்லாம் ஆளையே வெளிய அனுப்பிடறேன்.”

“என் வீட்டம்மாவுக்கு நான் சொன்னாப் போதும். வாயை மூடிக்குவா” என்றார் மாஸ்டர் மிடுக்காக.

மாஸ்டரம்மாவும் மூடிக்கொண்டார். அன்று சாயங்காலம் கூம்புக்குப் பின்னால், உதட்டை உள்ளுக்கு மடித்து, கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சைக்குக் காவல் உட்கார்ந்தவர் மாதிரி உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் மூச்சு என்று ஒன்று இருக்கிறதே!

மாஸ்டர் பருப்பைக் கழுவினார். “ச்சு” என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தார். மாஸ்டரம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் உப்பு டப்பாவைத் திறந்தார். “ஹ்ஹும்” என்று நெஞ்சின் அடியிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. போட்டது போதாதோ? இன்னொரு தரம் போட்டார். இன்னும் நீளமாக ஒரு பெருமூச்சு. போடவே இல்லையோ? நாம் போட்டோமா, போட நினைத்தோமா? கையில் ஈரம் இருக்கிறதே, அப்படியென்றால் போட்டோமா? மறுபடியும் போட்டார். இந்தத் தடவை மூச்சே வரவில்லை. அந்த நிசப்தத்துக்குப் பயந்து கடைசியாக ஒரு பிடி போட்டார்.

அன்றைக்குப் பருப்பை வாயில் வைத்ததும் இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீர்ச் செம்பை எட்டிப் பிடித்தார்கள்.

“ஏதாவது ஒரு வார்த்தை பேசினேனா?” என்றார் மாஸ்டரம்மா, இரண்டு செம்பு குடித்த பிறகு.

“பேசித் தொலைச்சிருந்தாத் தேவலையே! என் உப்புல எல்லாம் உன் மூச்சுதான் இருக்கு!”

அதற்கு அடுத்த நாள் மாஸ்டர் அடுப்படிக் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் போட்டார். இனி கை இல்லை, வாய் இல்லை, மூச்சும் இல்லை. நிம்மதியாக எண்ணெய் ஊற்றி, உருளைக்கிழங்கைப் போட்டுக் கிளறினார். கொஞ்ச நேரம் அமைதி.

“அடி பிடிக்குதுங்க!” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“வாசனை வருதே!”

அடி பிடித்துத்தான் இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரம். மூக்கையுமா நீட்டுகிறாள்? துண்டை நனைத்து முறுக்கிக் கதவுக்குக் கீழே அடைத்தார். சாவித் துவாரத்தில் ஒரு துண்டு உருளைக்கிழங்கைத் திணித்தார். ஜன்னல் கூடத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, வாசனை அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்று அதையும் சாத்தினார். வாசனை வெளியே போகவில்லை. புகையும் போகவில்லை.

மாடி வீட்டு அக்காதான் முதலில் கத்தினார். “தங்கச்சி! உங்க அடுப்படி ஜன்னல்ல கண்ணாடியே தெரியலையே!” ஒரு வாளித் தண்ணீரோடு தடதடவென்று இறங்கி வந்தார். அதே நேரம் மாஸ்டர் கண்ணும் மூக்கும் ஒழுகத் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே விழுந்தார். அக்கா யோசிக்கவில்லை. வாளியை அப்படியே கவிழ்த்தார்.

“நான் எரியலை அக்கா!” என்று சொட்டச் சொட்ட அலறினார் மாஸ்டர்.

“புகையறீங்களே தம்பி!”

மாஸ்டர் நனைந்த சட்டையோடு நடுக்கூடத்தில் நின்றார். பக்கத்தில் மாஸ்டரம்மா துண்டோடு வந்து தலையைத் துவட்டப் போனார். அந்தத் துவட்டலிலும், “இப்படிக் குனிங்க, அப்படி இல்ல, இப்படி” என்று ஒரு திருத்தம் இருந்தது. அவ்வளவுதான். மாஸ்டருக்குள் ஏதோ அறுந்தது.

“வெளிய போ!”

“என்னங்க?”

“நாளைலேர்ந்து நான் சமைக்கிற நேரத்துல நீ இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடாது. வெளிய போயிடு!”

“எங்கங்க போவேன்? நாளெல்லாம் கடைல நின்னுட்டு வரேன், காலு கெஞ்சுது. ஒரு ஓரமா உக்காந்துக்கறேனே.”

“ஓரமும் வேணாம் நடுவும் வேணாம்! மாடிக்குப் போ. அக்கா வீட்ல உக்காரு.”

மாஸ்டரம்மா மூக்கை உறிஞ்சினார். மாடி வீட்டு அக்கா காலி வாளியைப் பிடித்துக்கொண்டு, “வா தங்கச்சி, உனக்கு இல்லாத இடமா” என்றார்.

மாஸ்டருக்கு லேசாக உறுத்தியது. ஆனால் மாதம் பாதி ஓடிவிட்டது. கணக்கில் சேருகிற மாதிரி ஒரு வேளைச் சோறுகூட இன்னும் ஆகவில்லை. உறுத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஆயுசுக்கும் வாயை மூடிக்கொண்டு தின்ன வேண்டியதுதான்.

மாடி வீட்டு அக்காவின் கூடம் இவர்கள் அடுப்படிக்கு நேர் மேலே இருந்தது. அதை மாஸ்டர் யோசிக்கவில்லை. மறுநாள் குக்கர் மூன்றாவது விசில் அடித்து வாயை மூடுவதற்குள் தலைக்கு மேலே டொக் டொக் என்று தட்டுகிற சத்தம். கூடவே போன் அலறியது.

“மூணாச்சு. அணைச்சுடுங்க.”

“காதை மட்டும் இங்கேயே விட்டுட்டுப் போயிருக்கியா?”

“மேல கேக்குதுங்க. வெங்காயம் போட்டுட்டீங்களா? கரண்டி சத்தத்தைப் பாத்தா இன்னும் போடலை போல இருக்கே?”

மாஸ்டர் படி ஏறிய வேகத்தில் கைப்பிடிச் சுவர் ஆடியது. மாடியில் மாஸ்டரம்மா துடைப்பக் கட்டையைத் தரையில் ஊன்றியபடி தயாராக நின்றுகொண்டிருந்தார்.

“மாடியும் வேணாம்! இந்தத் தெருவிலேயே நீ இருக்கக்கூடாது! போனை வீட்ல வெச்சுட்டுப் போ. பூங்கா இருக்கில்ல, பூங்கா? அங்க நட! உடம்புக்கு நல்லது!”

“இருட்டற நேரத்துல தனியாவா?”

“அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போ! ஒரு மணி நேரம்... இல்ல, ஒன்றரை மணி நேரம் கழிச்சு வா!”

“தினமுமா?”

“தினமும்! ஒருநாள் தவறக்கூடாது!”

மாஸ்டரம்மா தயங்கினார். “இப்ப கோவத்துல சொல்லிடுவீங்க. அப்புறம் எங்க போனே, எதுக்குப் போனே, ஏன் இவ்வளவு நேரம்னு நிக்க வெச்சுக் கேப்பீங்க. எனக்கு வேணாங்க.”

“கேக்க மாட்டேன்!”

“அக்கா முன்னாடி சொல்லுங்க.”

“அக்கா, நீங்களே சாட்சி! கேட்டா என்னை என்னன்னு கேளுங்க!”

இப்படியாக வீடு காலியாயிற்று. கூம்பு இருந்தது, நாற்காலி இருந்தது, ஆள் இல்லை.

ஆள் இல்லை என்றதும் மாஸ்டருக்குக் கோபம் தணிந்ததா? அதுதான் இல்லை. கோபத்துக்கும் ஒரு முகம் வேண்டியிருக்கிறதே. முதல் நாள் காலி நாற்காலியைப் பார்த்து, “என்ன, இப்பப் பேசேன் பாக்கலாம்!” என்று கத்தினார். அது பேசவில்லை. பிறகு குக்கரைப் பார்த்துக் கத்தினார், கத்தரிக்காயைப் பார்த்துக் கத்தினார். அடங்காத தீயைப் பார்த்து “கிளட்ச்! கிளட்ச்!” என்று கத்திவிட்டு, தானே வெட்கப்பட்டுத் திருகைத் திருப்பினார்.

மாஸ்டரம்மா தினமும் பூங்காவிலிருந்து திரும்பி வருவார். முகம் சிவந்து, கண் பளபளவென்று, பசியோடு. இப்போது அபிப்பிராயம் சொல்வது அவருடைய முறை.

“சோறு கொஞ்சம் குழைஞ்சுடுச்சு.”

மறுநாள், “உருளைக்கிழங்கு ஒரு பக்கம் வெந்திருக்கு, இன்னொரு பக்கம் யோசனை பண்ணிக்கிட்டிருக்கு.”

அதற்கு அடுத்த நாள், “பருப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா...”

“ஆனா என்ன?”

“ஏதோ ஒண்ணு கொறையுதுங்க.”

“என்ன கொறையுது?”

“அது தெரிஞ்சா நான் ஏன் சொல்லிட்டிருக்கேன்?”

மாஸ்டர் எழுந்து போய் வாசலில் நின்று, தெருவில் போன யாரோ ஒரு ஸ்கூட்டர்காரரை, ஹாரன் சத்தம் சரியில்லை என்று திட்டிவிட்டு வந்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கத்திக்கொண்டே செய்தாலும் கை கற்றுக்கொண்டுதான் இருந்தது. இரண்டு பேருக்கு அரிசி எவ்வளவு என்பது உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. வெங்காயம் எப்போது சிவக்கும், எப்போது கருகும் என்று மூக்குக்குத் தெரிந்துவிட்டது. பருப்பு வெந்துவிட்டால் அதன் சத்தம் கனத்துப் போகிறது. அது காதுக்குத் தெரிந்துவிட்டது. கடைசி கடைசியில் அவர் கத்துவதைக்கூட மறந்து வேலை செய்ய ஆரம்பித்தார். மறந்தது நினைவுக்கு வந்ததும் அதற்கும் ஒருமுறை கத்திக்கொண்டார்.

மாதத்தின் கடைசி நாள் வந்தது.

அன்றைக்குச் சமையல் அமைந்தது பாருங்கள், அப்படி அமைந்தது! சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல், உடையாமல் பூவாக விழுந்தது. பருப்பு தண்ணீராகவும் இல்லை, களியாகவும் இல்லை. கரண்டியிலிருந்து சோம்பலாக இறங்கியது. உருளைக்கிழங்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிச் சிவந்திருந்தது. மாஸ்டர் நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு ஒரு அபிப்பிராயமும் ஊறவில்லை.

இரண்டு தட்டு வைத்தார். இரண்டு டம்ளர் வைத்தார். வாசலைப் பார்த்தார்.

ஆளைக் காணோம்.

ஒன்றரை மணி நேரம் தாண்டிவிட்டது. பருப்பின் மேல் ஆடை படியத் தொடங்கியது. உருளைக்கிழங்கின் மொறுமொறுப்பு நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டிருந்தது. மாஸ்டரின் கோபம் மட்டும் சூடாக இருந்தது.

“மாசம் பூரா கருகினதைத் தின்ன நேரத்துக்கு வந்தா! ஒழுங்கா சமைச்ச அன்னிக்குத்தான் இவளுக்கு லேட்டாகணுமா?”

போன் பண்ணலாம் என்றால் மாஸ்டரம்மாவின் போன் அலமாரியின் மேல் கிடந்தது. அவர்தான் அங்கே வைக்கச் சொன்னார். கரண்டியும் கையுமாக வாசலுக்குப் போனார்.

அப்போது தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் திரும்பியது. கூரையில் வேறு ஏதோ ஒரு பயிற்சிப் பள்ளியின் பலகை. விளக்குக் கம்பத்துக்கும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அந்தச் சந்தில் மாஸ்டரே வண்டியை நிறுத்த யோசிப்பார். கார் அதற்கு நேராக வந்து நின்று, பின்பக்கமாக நுழையத் தொடங்கியது.

மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. “இடிக்கப்போறான்” என்று முணுமுணுத்தார். “கண்ணாடியைப் பாரு... பாத்துட்டான். இப்ப ஸ்டியரிங்கை ஒடி... ஒடிச்சுட்டான். நேராக்கு...”

அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே ஒவ்வொன்றும் நடந்து முடிந்திருந்தது. கம்பத்திலும் படாமல், தொட்டியிலும் படாமல், டப்பாவுக்கு மூடி போட்ட மாதிரி கார் பொருந்தி நின்றது.

“எவன்டா இவன்?” என்று அவர் வாய்விட்டே சொன்னார். பொறாமையும் பாராட்டும் கலந்த கோபம் அது.

ஓட்டுகிற பக்கத்துக் கதவு திறந்தது. மாஸ்டரம்மா இறங்கினார். பின் சீட்டிலிருந்து மாடி வீட்டு அக்கா இறங்கினார். பக்கத்து சீட்டிலிருந்து, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு சின்னப் பெண் இறங்கினாள். கற்றுக்கொடுக்கிறவள்.

மாஸ்டரின் கையிலிருந்த கரண்டி வாசற்படியில் விழுந்து உருண்டது.

“நீயா?”

“நாந்தாங்க. காலைல டெஸ்ட் பாஸாயிட்டேன். அந்த சந்தோஷத்துல பெரிய ரோட்ல ஒரு சுத்து சுத்திட்டு வந்தோம், லேட்டாயிடுச்சு.”

“டெஸ்ட்டா? பூங்கா? அப்ப பூங்கா?”

“எங்க போனேன்னு கேக்க மாட்டேன்னீங்களே தம்பி” என்றார் மாடி வீட்டு அக்கா. “நான் சாட்சி.”

மாஸ்டருக்கு வார்த்தை வரிசையில் வரவில்லை. “நான்... ஊருக்கே கத்துக்கொடுக்கிறவன்... வீட்டுக்குள்ளயே ஒருத்தன் இருக்கேன்! ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருந்தா நானே கத்துக்கொடுத்திருப்பேனே!”

அக்கா வேறு பக்கம் திரும்பி இருமினார். சின்னப் பெண் தன் செருப்பைப் பார்த்தாள்.

“சாப்பாடு ஆறிட்டிருக்கு!” என்று கர்ஜித்தார் மாஸ்டர். “முதல்ல வந்து தின்னு. உன்னை அப்புறம் வெச்சுக்கறேன். நீங்களும் வாங்க, எல்லாரும் வாங்க! சாட்சி வேணும்!”

இரண்டு பேருக்கு வைத்த சோறு நான்கு தட்டுக்குப் பிரிந்தது. மாஸ்டர் உட்காரவில்லை. மாஸ்டரம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு எதிரே நின்றார். மாஸ்டரம்மா பருப்பைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைத்தார். உருளைக்கிழங்கைக் கடித்தார். கண்ணை மூடித் திறந்தார்.

“ஒரு கொறையும் இல்லங்க” என்றார். “என்னுதை விட நல்லா இருக்கு.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் மாஸ்டரின் நெஞ்சு விரிந்த விரிவில் சட்டைப் பொத்தான் திணறியது. ஜெயித்துவிட்டார்! வாய் பிழைத்துவிட்டது! பிழைத்த வாய் சும்மா இருக்குமா? கற்றுக்கொடுக்கிற அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்துத் திரும்பினார்.

“பாத்தியாம்மா? ஆளைத் தனியா விட்டா வேலை எப்படி வருதுன்னு பாத்தியா? இவ மட்டும் முதல் நாள்லேர்ந்தே கையையும் வாயையும் அடக்கி வெச்சிருந்தான்னா, நான் எதுக்கு இவளை வெளிய துரத்தப்போறேன்? துரத்தியிருக்கவே மாட்டேன்!”

அந்தப் பெண் வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு, உயராத குரலில் சொன்னாள்.

“தெரியும் சார். கிளாஸ்ல சேர வந்த அன்னிக்கே அம்மா சொன்னாங்களே, ‘நானாக் கேட்டா வெளிய விடமாட்டாரு, அவராத் துரத்தணும், கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க, அடுப்படில ஆரம்பிச்சுட்டேன்’னு!”